மினிடெல் தேடுவோர்க்கு

பழைய கணினிப் பொருள் தேடுகிறவர்களுக்குப் பாரிஸ் தரும் தனிச் சொத்து மினிடெல். 1980களில் பிரெஞ்சுத் தபால், தொலைபேசித் துறை வீட்டுக்கு வீடு இலவசமாய்க் கொடுத்த பெட்டி. தொலைபேசிக் கம்பி வழியே விலாசம் தேடலாம், ரயில் சீட்டு எடுக்கலாம். எங்கள் ஈழத்துச் சனம் வந்திறங்கி பாரிஸின் லாச்சப்பல் பகுதியைக் கடைத்தெருவாக்கத் தொடங்கிய காலமும் அதுதான். 2012 ஜூன் 30இல் சேவை நின்றது. நிலவறைகளில் கிடந்த பெட்டிகள் இப்போது லெபோன்குவான் தளத்தில் விலைக்கு வருகின்றன.

விளம்பரத்தில் நான் முதலில் தேடுவது பின்பக்கப் படம். ஐந்து துளையுள்ள வட்டச் செருகுவாய் தெரிய வேண்டும். அதில் சின்னக் கணினியொன்றை இணைத்தால், நொடிக்கு 1200 பிட் வேகத்தில் எழுத்துகள் வரிவரியாய் ஊர்ந்து வரும். என்ன வடிவு! ‘1பி’ வகையென்றால் 80 எழுத்து வரியும் கிடைக்கும். சில யூரோ கூடக் கொடுக்கலாம். திரை எரியும் படத்தையும் கேட்டு வாங்குங்கள். மூடியை மட்டும் கழற்றாதீர்கள், அணைத்த பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கண்ணாடிக் குழாயைத் தபாலில் எடுப்பதைவிட கார் து நோர் ரயில் நிலைய வாசலில் நேரே வாங்குவது நல்லது. தாங்களே பாவித்த பெட்டியை விற்கிறவர்கள் மினிடெல் சேவைகளுக்கு 3615 என்ற எண்ணை அடித்த கதையையும் சேர்த்தே தருவார்கள். அதற்காகவே நான் தபாலில் வாங்குவதில்லை.