யாருடைய கூரை, யாருடைய நேரம்

ஓவியனுக்கு இடமும் சோறும் சில மாதங்களும் கொடுத்து 'இருந்து செய்' என்கிற ரெஸிடென்ஸி ஏற்பாட்டை நம்மவர்கள் ஓர் உபகாரமாகவே பார்க்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கூரை யாருடையது, நேரம் யாருடையது என்ற கேள்வி அதில் தீராமலே கிடக்கிறது.

1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் சகாக்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கியபோது யாரும் அவர்களை விருந்துக்கு அழைக்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த பணம், சொந்த மணல். அங்கே உருவானதெல்லாம் மகத்தானது என்று சொல்லமாட்டேன். ஆனால் விருந்தாளிக்குரிய நன்றிக்கடன் அந்த ஓவியங்களில் இல்லை.

அதே 1966இல் லண்டனில் பார்பரா ஸ்டெவெனியும் ஜான் லாத்தமும் ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குரூப்பை ஆரம்பித்தார்கள். கலைஞனை ஆலைக்குள் அனுப்புவது. எதையும் செய்து கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. 1970இல் நாற்காலி ஆலைக்குள் போன ஸ்டூவர்ட் பிரிஸ்லி 212 நாற்காலிகளை அடுக்கி ஒரு முழுச் சக்கரமாக்கினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யந்திரங்களுக்குத் தொழிலாளர்கள் விரும்பிய வர்ணத்தை அடிக்க வைத்ததுதான். அமெரிக்காவில் கோலர் ஆலை 1974 முதல் கலைஞர்களுக்குச் சூளையையும் வார்ப்படச் சாலையையும் திறந்துவிடுகிறது. சிற்பங்கள் நன்றாகவே வருகின்றன, வெளியே போய்விடுகின்றன. ஆலை அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரகடத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக ஆலைகள். நாளை ஒரு நிர்வாகம் சிற்பியை அழைத்தால், கழிவு இரும்பில் ஒரு குதிரை செய்து வாசலில் நிறுத்தச் சொல்லும். (சிற்பியும் செய்துவிடுவார். அதுதான் பயம்.)

பக்கத்தில் வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் கட்டடங்களைத் திறந்தார்கள். தங்கியிருந்து செய்பவர்கள் என்றால் இங்கே முதலில் இவர்கள்தான். ஷிப்ட், கம்பெனி பஸ், கட்டில், மறுபடி ஷிப்ட். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள், கூரை பற்றிய கேள்வியை எந்த ஓவியனுக்கும் முன்பே கேட்டுவிட்டார்கள்.

ஆகவே ஓர் ஓவியர் இங்கே வருவதானால் ஸ்டூடியோ பிறகு ஆகட்டும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். எதையும் செய்து கொடுக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. ஓவியருக்குக் கொடுக்கும் மூன்று மாதத்தில் வாரம் ஒரு மணியாவது, ஷிப்டுக்குள்ளேயே, சம்பளம் பிடிக்காமல், அவரோடு உட்காரத் தொழிலாளிக்கும் கொடுப்பது என்பது மற்றது. இரண்டாவது வரியில் எந்த நிர்வாகம் கையெழுத்துப் போடும் என்று பார்க்க ஆசை.