இரு கல்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் ஓர் அம்மா அச்சு பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் பட்டையால் இறுக்கியிருந்தார். பால்போல் கரைத்த களிமண்ணை முன்பே ஊற்றியாயிற்று. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் உட்சுவரில் ஏடு கட்டும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து வடித்துவிட்டு, சற்று இறுகவிட்டார். பிறகு பட்டையைக் கழற்றி இரு பாதியையும் மெல்ல விலக்கினார். உள்ளே ஈரம் மினுங்க ஒரு பிள்ளையார். தலையைப் பிடித்துத் தூக்கவில்லை. முதுகுக்கு ஒரு கை, அடிக்கு ஒரு கை கொடுத்து, பச்சைப்பிள்ளையை எடுப்பதுபோல் எடுத்தார்.

‘ஒப்னாயிம்’ என்ற எபிரேயச் சொல்லை வெகுநாளாக மனத்தில் வைத்திருக்கிறேன். அது முழுசாக விளங்கியது அந்த மேசையருகேதான்.

எபிரேய வேதாகமம் முழுக்கத் தேடினாலும் இரண்டே இடத்தில் வரும் சொல். எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். குயவன் ஒப்னாயிம் மேல் வேலையாக இருக்கிறான். அங்கே அது குயவன் சக்கரம். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளிடம், எபிரேயப் பெண்களை ஒப்னாயிம் மேல் கவனித்து, ஆண்பிள்ளையானால் கொன்றுவிடச் சொல்கிறான் எகிப்து மன்னன். அங்கே அது பிரசவ மணை. பானை பிறக்கும் இடத்துக்கும் பிள்ளை பிறக்கும் இடத்துக்கும் ஒரே பெயர்!

‘எபென்’ என்றால் கல். கண், காது, கை என்று இரட்டையாக இருப்பவற்றுக்கு எபிரேயத்தில் ‘ஆயிம்’ என்றொரு விகுதி உண்டு. தமிழில் இல்லாத இருமை எண். ஆக, ஒப்னாயிம் என்றால் ‘இரு கல்’. சக்கரத்தைக் குறிக்கும் வேறொரு வேரைக் காட்டுவோரும் உண்டு. எனக்குக் கல்தான் சரியாகப் படுகிறது. எபிரேயர் நாட்டு அகழாய்வுகளில் எரிமலைக் கல்லாலான சக்கரங்கள் ஜோடியாகவும் கிடைத்திருக்கின்றன: கீழ்க்கல்லில் குழி, மேல்கல்லில் முளை, குழிக்குள் முளை சுழலும். பிரசவத்துக்கும் எகிப்தியப் பெண்கள் கல் வைத்து அதன்மேல் குந்தினார்கள். அது மண்ணால் அறுத்த கல். 2001-இல் அபிடோஸில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்த அப்படியொரு கல்லுக்கு வயது சுமார் 3,700. பிள்ளையைக் கையில் ஏந்திய தாயை அதில் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். லக்சர் கோயில் சுவரிலோ க்னூம் என்ற கடவுள் சக்கரத்தில் அரசகுழந்தையை வனைகிறார்.

தமிழும் எபிரேயமும் என்றதும் நம்மவர்கள் ‘துக்கி’யைத்தான் எடுப்பார்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலைக் குறிக்கும் அந்தச் சொல் நம் தோகை என்று கால்டுவெல் எழுதினார். அதுவும் இரண்டே இடத்தில் வருவதுதான். ஆனால் துக்கி கப்பலேறிப் போன சொல். ஒப்னாயிம் எங்கும் போகவில்லை, அதனாலேயே எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. பழைய தமிழ் வேதாகமம் எரேமியாவில் அதைத் ‘திரிகை’ என்கிறது. திரிகை நம் ஊரில் குயவன் சக்கரமும்தான், மாவரைக்கும் கல்லும்தான். அந்தக் கல்லும் இரண்டு. கீழ்க்கல்லில் முளை, மேல்கல்லில் துளை. யாரிடமும் கடன் வாங்காமல் இரண்டு மொழிகள் ஒரே பொருளை ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன. பிரசவத்தை மட்டும் நம் திரிகை தொடவில்லை. மாறாக, புறநானூறு 256-இல் ஒரு பெண் இறந்த கணவனுக்காகக் குயவனிடம் கேட்பது, தனக்கும் இடமிருக்கும்படி அகலமான ஈமத் தாழி.

திரிகை விட்ட அந்தப் பாதி விருத்தாசலத்தில் கிடைத்தது. முதுகுன்றம் என்று பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் ஊர்; நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணில் வளர்ந்த தொழில். பொம்மைக்கு இங்கே சக்கரம் கிடையாது. ஆனால் இரு பாதி விலகி, நடுவிலிருந்து ஓர் உயிர்ச்சாயல் வெளியே வருகிறது.

பிள்ளையாரின் காதோரமாக, இரு பாதியும் சேர்ந்த இடத்தில், தலைமுதல் அடிவரை மெல்லிய கோடு ஒன்று புடைத்திருந்தது. அம்மா அதைக் கத்திமுனையால் சீவி, ஈரப் பஞ்சால் இரண்டு தரம் துடைத்துப் பலகையில் உட்காரவைத்தார். அடுத்த அச்சின் பட்டையில் கை வைத்தார்.