அணைவது கோளாறா, எச்சரிக்கையா?

எரிவாயு வெந்நீர்க் கருவியுடன் வரும் கையேட்டைப் படித்ததுண்டா? எங்கள் வீட்டுக் குளியலறையில் கருவி நடுவில் அணைந்துகொண்டே இருந்தது. கையேட்டைப் புரட்டினேன். பாட்டரியை மாற்றி, குழாயை மீண்டும் திறக்கும்படி இரண்டே வரிகள். ஏன் அணைகிறது என்பதற்கு விளக்கமே இல்லை.

பாட்டரி தளர்ந்தாலும், நீரழுத்தம் குறைந்தாலும் கருவி அணையும், உண்மைதான். ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. சுடரில் அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். பல கருவிகளில் சுடருக்குள் நீட்டிய கம்பியொன்று அந்த நுண்ணிய மின்னோட்டத்தை உணர்கிறது. காற்றுப் போதாமல் சுடர் நிலைகுலைந்தால் மின்னோட்டம் குன்றும், வால்வு மூடிக்கொள்ளும்.

1 லிட்டர் புரோப்பேன் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 லிட்டர் காற்று வேண்டும். சாத்திய குளியலறையில் அது விரைவில் குறைந்துவிடும். அப்போது நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சுடர் அணையுமுன்பே இந்த நஞ்சு சேர்ந்துவிடலாம். அந்நிலையில் மீண்டும் ஏற்றச் சொல்வது எவ்வளவு பெரிய ஆபத்து!

கருவியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டச் செய்தோம்; அணைவது நின்றது. கையேட்டின் முதல் வரி இதுவாக இருந்திருக்க வேண்டும்: அணைந்தால், முதலில் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.