இரண்டு ஜூல் போதும்

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கிறது. சைடு கவரைத் திறந்து பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் ஒரு கெபாசிட்டரைக் கட்டிக் கொடுத்து, ஒரு கிக் அடிக்கச் சொல்லவேண்டும். பிறகு ஹாரனை அமுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். பேட்டரியே இல்லாத வண்டியில் ஹாரன் கணீரென்று அடிப்பதை முதன்முதலாகக் கேட்கும் சந்தோஷம் இருக்கிறதே, அது எல்லோருக்கும் கிடைக்கவேண்டும்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் செய்த வண்டி அது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். அதன் பிக்கப்பைப் பாடாத ஆள் கிடையாது. நான் பாடுவது அதன் மேக்னெட்டை. கவருக்குள் ஒளிந்து சுழலும் அந்தக் காந்தச் சக்கரம் வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தை எல்லாம் தானே தருகிறது. பிளக்கில் பொறி விழ சிடிஐக்கென்று தனிக் காயில். ஹெட்லைட்டும் பேட்டரியைத் தொடாமல் மேக்னெட்டிலிருந்து நேரே எரிகிறது. பேட்டரியை எதிர்பார்த்து நிற்பவை ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் போன்ற சில்லறைச் சாமான்கள்தான். அவற்றுக்காக ஆசிட் நிரம்பிய ஒரு பெட்டியைச் சுமந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலில் பூக்கும் உப்பைச் சுரண்டி... ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டி என்றால் சும்மா நின்றே பேட்டரி செத்துப்போகும்.

பேட்டரியை வெறுமனே கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பது பலருக்கும் தெரியும். ஹாரன் கரகரக்கும், பிரேக் லைட் துடிக்கும். மேக்னெட்டிலிருந்து வருவது ஏசி. ரெக்டிஃபையர் அதில் ஒரு பாதியை மட்டும் உள்ளே விட்டு மறுபாதியைத் தடுத்துவிடுகிறது. ஆக, மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. அடிபம்பில் தண்ணீர் குபுக் குபுக்கென்று விழும். அதன் அடியில் தூம்பு வைத்த தொட்டி ஒன்று இருந்தால் தூம்பில் ஒரே சீராக ஓடும். கெபாசிட்டர்தான் அந்தத் தொட்டி. மின்னழுத்தம் ஏறும்போது வாங்கிக்கொள்கிறது, இறங்கும்போது கொடுக்கிறது. நொடிக்குப் பல பத்து தடவை, சலிக்காமல்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே நூறில் ஒரு பங்கு நொடி இடைவெளி என்றும் வைத்துக்கொள்வோம். 4,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால் அந்த இடைவெளியில் 4 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும், விளக்கு துடிக்கும். 22,000 மைக்ரோஃபாரட் என்றால் ஒரு வோல்ட் கூட இறங்காது. அந்த 22,000க்குள் 14 வோல்ட்டில் எவ்வளவு ஆற்றல் நிற்கிறது தெரியுமா? சுமார் 2 ஜூல்! 21 வாட் பிரேக் பல்பைப் பத்தில் ஒரு பங்கு நொடி எரிக்கலாம், அத்தோடு காலி. 12 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு சின்ன பேட்டரியோ ஒரு லட்சத்து எட்டாயிரம் ஜூல் வைத்திருக்கிறது. லட்சம் ஜூல் செய்த வேலையை இரண்டு ஜூல் செய்கிறது. இத்தனை நாளும் வண்டி கேட்டது சேமிப்பை அல்ல, கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு தாங்கலை மட்டும்தான் என்று புரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம் கூட ஆகாது. பேட்டரிக்குப் போகும் சிவப்பு ஒயர் கெபாசிட்டரின் பாசிட்டிவுக்கு, கறுப்பு ஒயர் நெகட்டிவுக்கு. ஒயரிங்கில் ஓர் இடத்திலும் வெட்டத் தேவையில்லை. பியூஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் துருவம் மாறவே கூடாது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் சூடாகி வெடிக்கும். 16 வோல்ட் என்று எழுதியதைத் தொடாதீர்கள், 35 அல்லது 50 வோல்ட் கேட்டு வாங்குங்கள். 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகமாக இருக்கட்டும், ஏனென்றால் இந்தச் சாமானைக் கொல்வது சூடுதான். பத்து டிகிரி கூடினால் ஆயுசு பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக்கணக்கு. சிலிண்டரை விட்டுத் தள்ளி, பழைய டியூபை வெட்டிச் சுற்றி, அதிர்வில் கால் முறியாதபடி இறுக்கிக் கட்டவேண்டும். பிறகு மல்டிமீட்டரை வைத்து ரேஸ் கொடுத்துப் பாருங்கள். பதினான்கரை வோல்ட்டை ஒட்டி நின்றால் ரெகுலேட்டர் நலம். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முதலில் ரெகுலேட்டரை மாற்றுங்கள். பேட்டரி இருந்தவரை அந்த ஏற்றத்தை அது விழுங்கிக்கொண்டிருந்தது, இனி பல்புகள்தான் வாங்கும்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் நம்பவில்லை. "தம்பி, பேட்டரி இல்லாம இண்டிகேட்டர் எப்படிப்பா மினுக்கும்?" என்றார். சாவியைப் போட்டேன், ஒரு மிதி, வண்டி பாடியது. இண்டிகேட்டர் டிக் டிக் என்று தாளம் தப்பாமல் அடித்தது. அவர் குனிந்து சைடு கவருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வேறு எங்காவது பேட்டரியை ஒளித்து வைத்திருக்கிறேனா என்று சீட்டையும் தூக்கச் சொன்னார். இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும் எல்இடி பல்பு போட்டு, அதற்கேற்ற எலக்ட்ரானிக் ஃபிளாஷரும் வைத்துவிட்டால் ஐடிலிங்கில் கூட வெளிச்சம் அசையாது.

இது நான் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. பிரிட்டனின் லூகாஸ் 1960களிலேயே 2எம்சி என்ற கெபாசிட்டரைச் செய்தது. நீல நிறக் குப்பி, அதிர்வு தாங்க ஒரு சுருள் கம்பிக்குள் உட்கார்ந்திருக்கும். டிரையம்ப், பிஎஸ்ஏ வண்டிகளில் காடுமேடு சுற்றுபவர்கள் பேட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு அதை மாட்டிக்கொண்டார்கள். அந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், நம் யமஹாவுக்கு நேர் எதிர். அங்கே படித்ததை இங்கே அப்படியே கட்டிவிடாதீர்கள். இன்னும் ஆச்சரியம், 2008 சுசுகி ஆர்எம்-இசட்450. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த மோட்டோகிராஸ் வண்டி, பேட்டரி கிடையாது. ஒரு மிதியில் பிறக்கும் மின்சாரத்தில் பம்பும் கம்ப்யூட்டரும் விழித்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன!

இஞ்சின் நின்றால் ஹாரன் இல்லை, விளக்கு இல்லை. செல்ஃப் ஸ்டார்ட் வண்டிக்கு இந்த யோசனையே வேண்டாம். இந்தக் குறைகளைத் தீர்க்கச் சூப்பர் கெபாசிட்டருக்குத் தாவுவோரும் உண்டு. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 100 ஃபாரட் செல்கள் ஆறைத் தொடராகக் கட்டினால் 16 ஃபாரட்டுக்குச் சற்று மேல் வரும். ஒரு ஆம்பியர் ஓட்டத்தில் அது 12 வோல்ட் ஏற மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். 22,000 மைக்ரோஃபாரட்டுக்குக் கால் நொடி போதும். கிக்கரை மிதித்த அந்தக் கணமே நிரம்புவதில்தான் இதன் அழகே இருக்கிறது.

அடுத்தது பெரியப்பாவின் பழைய புல்லட். பாயிண்ட்ஸ் வண்டி, அதாவது இக்னிஷன் காயிலே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. ஆர்எக்ஸ் போல் பொறி தனியாக வராது. ஒரே மிதியில் கெபாசிட்டரும் நிரம்பவேண்டும், காயிலுக்கும் போகவேண்டும், பிளக்கும் பற்றவேண்டும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்து, கிக்கரை அரைகுறையாக விடாமல் அடிவரை மிதிக்கவேண்டும். கெபாசிட்டர் வாங்கி வைத்துவிட்டேன். "செய்டா, ஆனா பேட்டரியைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுச் செய்" என்று பெரியப்பா சாவியைக் கொடுத்துவிட்டார்.