தாத்தாவின் இரட்டைக்குழலைப் பார்க்கத் தெரிந்துகொள்வோம்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தால், அநேகமாக எல்லோரும் உடனே தோளில் அணைத்துச் சுவரைக் குறிபார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். மேலே இருக்கும் நெம்புகோலைத் தள்ளித் திறந்து, இரண்டு குழல்களிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். எத்தனை வருடம் பரணில் கிடந்ததாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை. பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே பிரித்து, மேசைமேல் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். ரசிக்க வேண்டியதில் பாதி அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்படிக் கவிழ்த்துப் பார்க்க நம் பக்கத்தில் நல்ல இடம் குடகு. 1861-ல் பிரிட்டிஷார் அந்த மண்ணின் மக்களான கொடவர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். கொடவர்களும் ஜம்மா என்னும் பரம்பரை உரிமை நிலம் உடையவர்களும் துப்பாக்கி உரிமம் வாங்கத் தேவையில்லை என்ற நிலை இன்றும் தொடர்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் செல்லும் என்றது. அதனால் அங்கே துப்பாக்கி, நிலத்தையும் ஐன்மனை என்னும் பூர்வீக வீட்டையும் போலவே தலைமுறை மாறுகிறது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றுபோனாலும் துப்பாக்கிக்கு வேலை இருக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, மரணம் என்றால் இரண்டு. செப்டம்பர் தொடக்கத்தில், நாற்று நட்டு முடிந்தபின் வரும் கைல்போள்து பண்டிகையன்று ஆயுதங்களைத் துடைத்து, பூசை இடத்தில் வைத்து, குழலில் பூச்செருகி வணங்குகிறார்கள். அவர்கள் தோக் பூ என்று சொல்லும் அந்தப் பூ நம்முடைய செங்காந்தள்.

இனி மேசைக்கு வருவோம். கவிழ்த்த குழல்களின் அடியில், தோட்டா அமரும் அறைக்கு நேர் கீழே தட்டையான பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாகக் குத்தியிருக்கும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தில் செய்த எந்தத் துப்பாக்கியும் சோதனைச் சாலையில் அளவுக்கு மீறிய மருந்து போட்டுச் சுடப்பட்ட பிறகே கடைக்கு வந்தது. லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-ல் அரச பட்டயம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உண்டானது. வெடித்துச் சிதற வேண்டிய குழல் அங்கேயே சிதறட்டும் என்பது ஏற்பாடு. பிழைத்ததற்குத்தான் முத்திரை. 12 என்ற எண் குழலின் அகலத்தைச் சொல்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு, அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். பர்மிங்காம் துப்பாக்கியில் கிரீடத்துக்குக் கீழே ‘என்பி’ என்று இருந்தால், 1904-க்குப் பிறகு புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அப்படி எந்தக் குறியும் இல்லையென்றால் அது கருமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டா அதற்கு ஆகாது.

அறையின் நீளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய 12 எண் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடும். தோட்டாவின் மடித்த வாய் சுடும்போதுதான் விரிகிறது என்பதே காரணம். விரிய இடமின்றிக் குழல் குறுகும் இடத்தில் அது முட்டும்போது உள்ளே அழுத்தம் எகிறும். உட்காருகிறதே என்று நம்பிச் சுடக் கூடாது.

குழலின் வெளிப்புறத்தில் மங்கிய பழுப்பின் அடியில் சுருள் சுருளாக, கோலப்புள்ளியைச் சுற்றிய நெளிகோடுகள் போல ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அது டமாஸ்கஸ் குழல். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி ஒட்டி, சதுரக் கோலாக்கி, அந்தக் கோலை முறுக்குவார்கள். முறுக்கிய கோல்கள் இரண்டு மூன்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து மறுபடி ஒட்டி, நாடாவாக அடித்து, ஓர் உருளையின்மேல் சுற்றி, சுற்றுக்குச் சுற்று காய்ச்சி அடித்துக் குழலாக்குவார்கள். கடைசியில் துருவேற்றித் தேய்த்து, துருவேற்றித் தேய்த்து நிறம் கொடுக்கும்போது இரும்பும் எஃகும் வெவ்வேறு அளவில் நிறமேற்கும். அப்போதுதான் உள்ளிருந்த முறுக்கு மேலே தெரியும். பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த வெஸ்டர் பள்ளத்தாக்கின் கொல்லர்கள் இதில் பெயர்போனவர்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றுக்கும் குழல் அங்கிருந்துதான் போனது. டமாஸ்கஸ் வாளுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. அந்த வாளின் வரி, தென்னிந்தியாவிலிருந்து மூசையில் உருக்கி அனுப்பிய எஃகின் உள்ளேயே பிறந்தது. குழலின் வரி முறுக்கிய கையிலிருந்து வந்தது. ஒரு கொல்லன் தன் வேகத்தில் முறுக்கியதால், கிட்டப் போய்ப் பார்த்தால் எந்த இரண்டு சுருளும் ஒன்றுபோல் இருக்காது. துப்பாக்கியில் எனக்கு இதைவிட அழகான பகுதி வேறு கிடையாது.

விசைப்பெட்டியை விரைவாகப் பார்த்துவிடலாம். வெளியே சுத்தியல் போல இரண்டு குதிரைகள் நின்றால் பழைய வகை. குதிரை தெரியாமல், குழலை மடிக்கும்போதே உள்ளே தானாக இழுபட்டுக்கொள்ளும் அமைப்பை வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையின் ஆன்சனும் டீலியும் 1875-ல் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. திருகாணிகளைக் கவனியுங்கள். நல்ல பட்டறையில் செய்ததானால் திருகுத் தலையின் வெட்டுகள் எல்லாம் குழலுக்கு இணையாக ஒரே திசையில் நிற்கும். அந்த வெட்டுகளின் ஓரம் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டு குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டையில் பெயர் இருக்கும். அது செய்தவர் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஆர். பி. ரோடா, மான்டன் என்று விற்றவர்களின் பெயரும் பொறிக்கப்பட்டது. கடிகாரத்துக்குப் பெயர்போன சென்னைக் கடையின் பெயரைத் துப்பாக்கியில் பார்த்தால் திகைக்க வேண்டாம்.

சீரமைப்பு என்று இறங்கும்போதுதான் பெரும்பாலான துப்பாக்கிகள் கெடுகின்றன. பளபளப்பு வேண்டுமென்று குழலைத் தேய்த்துவிடுவது முதல் கேடு. தேய்க்கத் தேய்க்க முத்திரை மங்கும், குழலின் சுவர் மெலியும். இரண்டாவது, கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றுவது. புதிய துப்பாக்கிக்கு அது சரி. பழைய இரட்டைக்குழலில் நடுப்பட்டை மெல்லிய ஈயப்பற்றால் ஒட்டியிருக்கிறது, அந்தக் கரைசல் பற்றை அரித்துவிடும். பற்று உறுதியா என்று காதால் அறியலாம். குழல்களை அடிக்கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். நீளமாக நாதம் எழுந்தால் நல்லது. உடைந்த சத்தம் வந்தால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. அது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லரின் வேலை, வீட்டில் பார்க்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது மரத்துக்குத்தான். பின்கட்டை பெரும்பாலும் வால்நட். அதில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் லேசாக அழுத்துங்கள். நசுங்கிய நார் ஆவியில் எழுந்துவிடும். பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு மட்டும் உள்ளங்கையில் எடுத்து, மரம் சூடாகும்வரை தேய்த்து, ஒரு நாள் ஆறவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். வார்னிஷ் வேண்டாம். இரும்போடு மரம் சேரும் இடம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தால், காரணம் பெரும்பாலும் நிற்க வைத்த விதம். குழல் மேல்நோக்கி நின்றால் எண்ணெய் எல்லாம் இறங்கி மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும். எண்ணெய் பூசிய துப்பாக்கியைக் குழல் கீழ்நோக்கியே வையுங்கள். குடகின் மழைக்காலத்தில் எண்ணெய் பூசாமலும் இருக்க முடியாது.

எதை விட்டுவைப்பது என்பது பெரிய கேள்வி. என் தீர்மானம் இது: துருவையும் தளர்வையும் சரிசெய்யலாம், தேய்மானத்தைத் தொடக் கூடாது. விசைப்பெட்டியில் ஒருகாலத்தில் நீலமும் பழுப்புமாக இருந்த நிறம், கை பிடிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளியாகியிருக்கும். பிடியில் வெட்டிய கட்டக்கோடுகள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும். எந்தக் கை, எப்படிப் பிடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. புதுநிறம் பூசிவிட்டால் அந்தக் கை போய்விடும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உரிமம் வைத்திருந்தவர் இறந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வருடக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடந்து பாழாகும் துப்பாக்கிகள் உண்டு. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பின்கட்டையின் அடியில் நகத்தளவு வெள்ளித் தகடு ஒன்று பதித்திருக்கும். வாங்கியவரின் பெயரெழுத்துகளுக்கான இடம் அது. பலவற்றில் வெறுமையாகவே இருக்கும். விசைக்காப்பிலோ அடிப்பட்டையிலோ உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பட்டறைகள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால் எந்த வருடம், யாருக்காகச் செய்தது என்று பதில் கிடைக்கக்கூடும். வந்ததும் அதைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். அதன் கீழே, வீட்டில் யார் யாரிடம் எந்தெந்த வருடம் இருந்தது என்று நினைவுள்ள பெரியவரிடம் கேட்டு இந்த வாரமே எழுதிவிடுங்கள்.