கவ்விய வாயின் அமைதி

நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டிகளில் கைதட்டல் விழுவது ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும்தான். வீசப்பட்ட மர டம்பெல்லை நோக்கி ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்து, தடுப்பைத் தாண்டித் திரும்பி வருவது யார் கண்ணையும் கவரும். ஆனால் பயிற்சியின் தரம் தெரிவது அதற்குப் பிறகு வரும் சில நொடிகளில். நாய் வந்து பயிற்சியாளரின் முன்னால் நெருங்கி உட்காருகிறது. டம்பெல் வாயில் இருக்கிறது. ‘விடு’ என்ற கட்டளை வரும்வரை அது அப்படியே இருந்தாக வேண்டும். ஐஜிபி எனப்படும் சர்வதேசத் தேர்வில் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய 3 நொடி. கச்சேரியில் பிருகாக்களுக்குக் கை தட்டுகிறோம். ஆனால் பாடகரை எடைபோடுவது ஒரு ஸ்வரத்தில் நின்று அவர் கொடுக்கும் கார்வையை வைத்துத்தான். அந்த 3 நொடியை நான் பார்ப்பதும் அப்படித்தான்.

நல்ல பிடிக்கு அடையாளங்கள் உண்டு. டம்பெல்லின் நடுத்தண்டு கோரைப் பற்களுக்குச் சற்றுப் பின்னால் படிந்திருக்கும். உதடுகள் இறுகாமல் அதன்மேல் தளர்ந்து கிடக்கும். தாடை மூடியிருக்கும், ஆனால் கடிக்காது. தண்டு உருளாது, பல் மரத்தில் உரசும் சத்தம் கேட்காது. தலை நிமிர்ந்திருக்கும், கண் பயிற்சியாளரின் முகத்தில் இருக்கும். மோசமான பிடியில் டம்பெல் முன்பற்களின் நுனியில் தொங்கும், இல்லையென்றால் கடைவாய்க்குப் போய் நறநறவென்று மெல்லப்படும். ஐஜிபி தேர்வில் படிநிலை ஏற ஏற, சமதரையில் எடுத்துவர வேண்டிய டம்பெல்லின் எடையும் 650 கிராம், 1 கிலோ, 2 கிலோ என்று ஏறும். 2 கிலோ கட்டையை நழுவவிடாத அளவுக்கு அழுத்தமும் வேண்டும், பல் பதியாத அளவுக்கு நிதானமும் வேண்டும். இரண்டும் ஒரே வாயில் கூடிவருவதுதான் அழகு.

இது ஏன் கடினம் என்றால், நாயின் இயல்பு இந்த இடத்தில் நிற்பதில்லை. இரையைப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது என்று வேட்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. கவ்வியதும் உதறு, கிழி, தின் என்று உடம்பு முன்னால் தள்ளும். அந்த வரிசையைக் கவ்வுதலோடு நிறுத்தச் சொல்கிறோம். ரெட்ரீவர் வகைகளில் தலைமுறை தலைமுறையான தேர்வு இதைப் பாதி செய்து கொடுத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கீசக்கன் பண்ணையில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் தொடங்கிய வம்சம்தான் கோல்டன் ரெட்ரீவர். சுட்ட பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்கும் மென்மையான வாய் அந்த வகைக்குப் பிறவியிலேயே வரும். அசையாமல் காத்திருக்கும் பொறுமை அப்படி வராது. அதை எந்த வகை நாய்க்கும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

நெடுங்காலம் அதைச் சொல்லிக்கொடுத்தது வலி. காதைக் கிள்ளுவார்கள், வலியில் நாய் வாயைத் திறக்கும், டம்பெல் உள்ளே போகும், அந்தக் கணமே காதை விட்டுவிடுவார்கள். கவ்வினால் வலி நிற்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். இந்த முறை பலிக்கும் என்பதில் சந்தேகமில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தால் வலியால் கற்ற நாயும் டம்பெல்லைக் கொண்டுவருகிறது, பரிசால் கற்ற நாயும் கொண்டுவருகிறது. வித்தியாசம் கிட்டத்தில்தான் தெரியும். வலியால் கற்ற நாயின் காது பின்னால் ஒட்டியிருக்கும், பார்வை ஓரமாக விலகும், டம்பெல்லை விட்ட மறுகணம் நாக்கு உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி வரும். 2020இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 92 வீட்டு நாய்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தண்டனை முறைகளை அதிகம் கையாண்ட பள்ளிகளின் நாய்களிடம் இப்படிப்பட்ட பதற்றக் குறிகள் கூடுதலாக இருந்தன. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் கார்ட்டிசால் அளவும் ஏறியிருந்தது. ரசிகனின் கண் பார்த்ததை ஆய்வுக்கூடமும் பார்த்திருக்கிறது.

பரிசு கொடுத்துக் கற்றுத்தரும் முறையில் நாயின் வாயை யாரும் திறப்பதில்லை. பயிற்சியாளர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டம்பெல்லை நாயின் மூக்கருகே நீட்டுகிறார். இன்னொரு கையில், அழுத்தினால் ஒலிக்கும் கிளிக்கர். 1951இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதியபோது, இதற்குப் பொருத்தமான கருவியாகச் சொன்னது ‘டிக்’கென்று ஒலிக்கும் ஒரு பொம்மையை. அந்த ஒலிக்கு இருக்கும் பொருள் ஒன்றுதான்: நீ இப்போது செய்தது சரி, தின்பண்டம் வருகிறது. நாய் டம்பெல்லை மோந்து பார்க்கிறது. கிளிக், ஒரு துண்டு வேகவைத்த கோழி. மறுபடி மோந்து பார்க்கிறது, கிளிக். சிறிது நேரத்தில் மூக்கு பட்டால் மட்டும் போதாது என்றாகிறது. நாய் காத்திருக்கிறது, மறுபடி மூக்கை வைக்கிறது, ஒலி வரவில்லை. சலிப்பில் வாயை லேசாகத் திறந்து தண்டை உரசுகிறது. கிளிக்! அந்த இடத்தில் நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். காது முன்னால் வருகிறது, வால் ஒருமுறை ஆடி நிற்கிறது. வழியைத் தானே கண்டுபிடித்துவிட்ட முகம் அது.

பிறகு பல் படுவதற்குப் பரிசு, அதன் பிறகு வாய் மூடுவதற்கு. இங்கேதான் பயிற்சியாளரின் கை நுணுக்கம். ஒலி எழ வேண்டியது டம்பெல் வாயில் இருக்கும்போது. கீழே விழுந்த பிறகு ஒலித்தால் நாய் கற்பது கவ்வுவதை அல்ல, துப்புவதை. அரை நொடி தாமதம் பாடத்தையே மாற்றிவிடும். மெல்லும் நாயிடமும் இதே கவனம்தான். இரண்டு மெல்லலுக்கு நடுவே தாடை ஓய்கிற ஒரு கணம் உண்டு. தேர்ந்தவர் அந்தக் கணத்தில் கிளிக் செய்வார். மெல்லாதே என்று நாயிடம் ஒருமுறைகூடச் சொல்லாமல் மெல்லுவது நின்றுபோகும். நேரத்தை நீட்டும்போது அவர் ஏணி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போகமாட்டார். நீண்ட பிடி ஒன்று, குட்டிப் பிடி இரண்டு, நடுத்தரம் ஒன்று என்று கலந்து வைப்பார். அடுத்தது எளிதாகவும் இருக்கலாம் என்று தெரிந்த நாய் சோர்ந்து விலகாது.

இன்னொரு முடிச்சு கை. தின்பண்டம் தருகிற கை நெருங்கினாலே பல நாய்கள் டம்பெல்லைத் துப்பிவிடும். அதனால் வெறும் கையை நீட்டுகிறார்கள், தாடையின் கீழே தடவுகிறார்கள், டம்பெல்லின் முனையைத் தொடுகிறார்கள்; அத்தனைக்கும் வாய் மூடியே இருந்தால் கிளிக். கையைக் கண்டும் விடாமல், சொல்லைக் கேட்டு விடுகிற நாய் உருவாவது இப்படித்தான்.

அமைதிக்கும் பசிக்கும் உள்ள உறவை ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரீலண்டும் மரியான் பிரீலண்டும் 1961இல் எழுதினார்கள். ரக்கூன் ஒன்றுக்கு நாணயத்தை எடுத்து உண்டியலில் போடப் பழக்கினார்கள். இரண்டு நாணயங்கள் கொடுத்ததும் அது போட மறுத்து, உணவைக் கழுவுகிற பாவனையில் இரண்டையும் தேய்த்துக்கொண்டே இருந்தது. மர நாணயங்களைத் தூக்கிவரக் கற்ற பன்றிகள் போகப் போக வழியிலேயே அவற்றைக் கீழே போட்டு, மூக்கால் கிளறி, தூக்கி எறிந்தன. பசியைக் கூட்டிப் பார்த்தார்கள். கிளறல் குறையாமல் வலுத்தது. உணவின் ஆவேசம் ஏறும்போது கற்ற பாடத்தை இயல்பு தள்ளிவிடுகிறது. நாய் டம்பெல்லை மெல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பன்றிகள் நினைவுக்கு வரும். அனுபவசாலிகள் இதைக் கையால் அறிந்தவர்கள். பிடி நீளத் தொடங்கியதும் கோழித்துண்டை நிறுத்தி, தினமும் தட்டில் விழுகிற சாதாரண உருண்டைத் தீவனத்துக்கு மாறுவார்கள். அதையும் வீசாமல், நிதானமாக வாயருகே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நாய்க்கு ஆசை தீருமுன்பே பாடத்தை முடிப்பார்கள். பயிற்சியாளர் படபடத்தால் நாயின் தாடையும் படபடக்கும்.

மரத்தில் வந்த பிடி உலோகத்தில் வந்துவிடும் என்று எண்ண முடியாது. குளிர்ந்த இரும்பு பல்லில் படுவதைப் பல நாய்கள் விரும்புவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பாடத்தை முதலிலிருந்து ஒரு சுற்று ஓட்ட வேண்டும். 4 முதல் 6 மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் குட்டிகளுக்கு ஈறு நோகும் என்பதால் கடினமான பொருளைக் கொடுக்காமல் காத்திருப்பது நல்லது.

இத்தனை நுணுக்கமும் எதற்கு என்று கேட்பவர்கள் உதவிநாய்களைப் பார்க்க வேண்டும். 1975இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் தொடங்கிய ‘கேனைன் கம்பானியன்ஸ்’ போன்ற அமைப்புகள், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாய்களைப் பழக்கித் தருகின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவரின் சாவிக்கொத்து கீழே விழுகிறது. நாய் எடுத்து வருகிறது. அவருடைய விரல்கள் மெதுவாகத்தான் மூடும். கை ஒருமுறை தவறி மறுபடி வரும். அதுவரை அந்த இரும்பு, நாயின் பற்களுக்கிடையில் அசையாமல் காத்திருக்க வேண்டும். மைதானத்தில் மதிப்பெண்ணாக இருந்த 3 நொடி இங்கே ஒரு மனிதரின் சுதந்திரமாகிறது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குட்டி என்றைக்காவது செருப்பைக் கவ்விக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்கும். துரத்தாதீர்கள், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை அது ஓடும், இறுக்கிக் கடிக்கும். உட்கார்ந்து, வந்ததற்குப் பாராட்டி, ஒரு பிஸ்கட் துண்டைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொள்ளுங்கள். பயப்படாத வாய்தான் அமைதியாகக் கவ்வும். அந்த வாயைக் காப்பாற்றி வைத்தால் மற்றதையெல்லாம் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.