வீடு யாருடையது? பிரெஞ்சு ஊனமுற்றோர் அமைப்புகளின் பெயர்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

அலுவலகப் பெயரை மொழிபெயர்ப்பது குமாஸ்தா வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அகராதியைப் பார், பொருத்தமான சொல்லைப் போடு, முடிந்தது. கவிதைக்கும் கோட்பாட்டுக்கும்தான் மொழிபெயர்ப்புப் பிரச்சினை, பெயர்ப்பலகைக்கு என்ன வந்தது? எனக்கு இதில் உடன்பாடில்லை. அரசின் முன்னால் வந்து நிற்கும் மனிதர் யார், அவருக்கும் அரசுக்கும் என்ன உறவு என்பதைப் படிவத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே பெயர்ப்பலகை சொல்லிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் அந்த உறவையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறார். பிரான்சின் ஊனமுற்றோர் அமைப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது நடப்பதை வைத்து இதைப் பேசலாம்.

நம்மில் பலர் ஃபூக்கோவை ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள். 'சுர்வேயே' என்ற பிரெஞ்சு வினைக்குச் சரியான ஆங்கிலச் சொல் அமையாமல் அந்தப் புத்தகம் 'டிசிப்ளின் அண்ட் பனிஷ்' ஆன கதை தெரிந்ததுதான். மூலம் வெளிவந்தது 1975இல். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி பிரான்சில் ஊனமுற்றோருக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. அதில் பிறந்தது 'கோதோரெப்'. விரித்தால், தொழில்சார் திசைகாட்டலுக்கும் மறுவகைப்படுத்தலுக்குமான தொழில்நுட்ப ஆணையம். இந்தப் பெயரில் மனிதரே கிடையாது. யார் வேலைக்குத் தக்கவர், எந்த வகை, எங்கே அனுப்புவது என்று தீர்ப்புச் சொல்லும் நிபுணத்துவம் மட்டுமே இருக்கிறது. 'ரெக்லாஸ்மான்' என்ற சொல்லுக்கு மீண்டும் வேலையில் அமர்த்துதல் என்றும் பொருளுண்டு. ஆனால் அதற்குள் வகைப்பாடு அப்பட்டமாக உட்கார்ந்திருக்கிறது. இதை ஆங்கிலத்தில் 'வொகேஷனல் ரீஹாபிலிடேஷன்' என்று போட்டால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். வகைப்படுத்தல் போய், சிகிச்சையின் வாசனை வந்துவிடும்.

2005 பிப்ரவரி 11ஆம் தேதிச் சட்டம் கோதோரெப்பை ஒழித்தது. அந்த இடத்தில் வந்தது எம்.டி.பி.எச். என்ற 'மெசோன்'. உதவித்தொகை, உதவியாள், குழந்தையின் பள்ளி, தொழிலாளியாக அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கும் ஒரே இடம். மெசோன் என்றால் வீடு. ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று எழுதிப் பாருங்கள்: காப்பகம் ஆகிவிடும். அங்கே யாரும் தங்குவதில்லை, உண்பதில்லை, கோப்புகள்தான் குடியிருக்கின்றன. உரிமை என்ற சொல்லை முன்வைத்து வந்த சட்டத்தின் அலுவலகம், ஒரே சொல்லில், அடைத்துவைக்கும் இடமாகத் தோன்றும். கூடவே 'தெபார்த்மான்' என்ற ஆட்சிப் பிரிவை 'டிபார்ட்மெண்ட்' ஆக்கினால், ஏதோ ஒரு துறை நடத்தும் அநாதை ஆசிரமம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல் இந்தப் பெயரின் வேற்றுமை உருபில் இருக்கிறது. 'தே பெர்சோன் ஆந்திகாப்பே' என்பது ஊனமுற்றோரின் வீடா, ஊனமுற்றோருக்கான வீடா? பிரெஞ்சு இரண்டுக்கும் இடம் வைக்கிறது. தமிழைப் போலவே ஆங்கிலமும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இது வெறும் இலக்கணம் இல்லை. பிரிட்டனில் ஊனமுற்றோர் இயக்கம் 'ஊனமுற்றோரின்' அமைப்புகளுக்கும் 'ஊனமுற்றோருக்கான' அமைப்புகளுக்கும் இடையே கோடு கிழித்தே தன் அரசியலை நடத்தியது. எம்.டி.பி.எச்.சில் உரிமைகளைத் தீர்மானிக்கும் ஆணையத்தில் ஊனமுற்றோர், அவர்தம் குடும்பத்தினரின் பிரதிநிதிகளுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம். ஆக ஆறாம் வேற்றுமைக்கு மூன்றில் ஒரு பங்குதான் உறுதி. மீதியெல்லாம் நான்காம் வேற்றுமை.

அப்படியானால் உண்மை நிலவரத்தைப் பார்த்து மொழிபெயர்த்துவிடலாமே என்று கேட்கலாம். 'எசாத்' விஷயத்தில் இந்த ஆசை வலுவாக எழும். 'வேலை வழியே உதவும் நிறுவனம்' என்பது 2005இல் வைத்த பெயர். அங்கே வேலை செய்கிறவர் சட்டப்படி ஊழியர் அல்லர், சேவையைப் பயன்படுத்துபவர். அவர் உழைப்பதே அவருக்குச் செய்யும் உதவியாம்! விடுப்புரிமைக்கு இப்படிப்பட்டவரும் 'தொழிலாளி' ஆகலாம் என்று 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'ஷெல்டர்ட் வொர்க்‌ஷாப்' என்று போட்டால் குட்டு உடையும் என்பது ஒரு கட்சி. 'சப்போர்ட்' என்று நாகரிகமாகப் போடுவோம் என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பர் 18ஆம் தேதிச் சட்டம் அங்கே சங்கம் சேரும் உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் கொடுத்ததோடு, பெயரில் இருந்த 'உதவி'யை எடுத்துவிட்டு 'துணைநிற்றல்' என்று மாற்றியது. 2005லேயே 'சப்போர்ட்' போட்டவருக்கு இந்த மாற்றத்தைச் சொல்லச் சொல்லே மிச்சமில்லை. அரசுக்கு முன்பே அவர் திருந்திவிட்டார், அரசின் சார்பில். அந்தப் பெயருக்காக நடந்த சண்டை ஆங்கிலத்தில் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. ஷெல்டர்ட் வொர்க்‌ஷாப் போட்டவருக்கும் இதே கதிதான்: தன் கண்டனத்தை எழுதிவிட்டார், அரசின் வாக்குமூலத்தைத் தொலைத்துவிட்டார்.

'ஆந்திகாப்' என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்திடம் கடன் வாங்கியது. குதிரைப் பந்தயத்தில் வலுத்த குதிரைமேல் ஏற்றும் எடைக்கான சொல். கடன் கொடுத்த மொழி இன்று அதைக் கேட்டு முகம் சுளிக்கிறது. 1982இல் தொடங்கிய 'ஆந்திகாப் இன்டர்நேஷனல்' 2018இல் உலக அளவில் 'ஹியூமானிட்டி அண்ட் இன்க்ளூஷன்' ஆனது. பிரான்சில் பழைய பெயரே நீடித்தது. ஒரு அமைப்பு தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பவர் மாற்றலாமா? 1960இல் பெற்றோர் சேர்ந்து கட்டிய 'யுனாபெய்' தங்கள் பிள்ளைகளை 'பொருந்தாத குழந்தைகள்' என்றே பெயரில் எழுதியது. அதைக் கனிவான ஆங்கிலத்தில் எழுதினால் அந்தக் காலம் அந்தப் பெற்றோருக்குக் கொடுத்திருந்த மொழி மறைந்துபோகும். இந்தக் கட்டுரையில் நான் 'மாற்றுத்திறனாளி' என்று எழுதாததும் இதனால்தான். பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லாத மரியாதையைத் தமிழிலிருந்து தானம் செய்ய எனக்கு அதிகாரமில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். பிரெஞ்சுச் சுருக்கப் பெயரை அப்படியே விடுங்கள். பக்கத்தில் ஒரு வரி: அங்கே யார் முடிவெடுக்கிறார்கள், யாரைப் பற்றி, அந்த மனிதர் அங்கே விண்ணப்பதாரரா, நோயாளியா, தொழிலாளியா. பெயரில் உள்ள அசிங்கம் அசிங்கமாகவே வரட்டும். 2021இல் ஐ.நா.வின் ஊனமுற்றோர் உரிமைக் குழு, நிறுவனங்களில் வைத்துப் பராமரிக்கும் முறையை விட்டு வெளியே வா என்று பிரான்சிடம் சொன்னது. அந்த விமர்சனத்தை வேறு நாடுகளில் இயக்கம் நடத்துகிறவர்களில் பலர் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். எந்த நிறுவனம், அது தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டது என்பது தெரியாமல் அவர்கள் யாரோடு சண்டை போடுவார்கள்?